நாலு கதிரை மேசை

மேசை நீளத் தொடங்கியது சூப் வைத்த பிறகுதான் என்பதில் புளியடிச் சந்தியில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதுவரைக்கும் அது, ஓடாவியார் கனகலிங்கம் வேப்பம்பலகையில் செய்து முதல்நாள் வண்டிலில் கொண்டுவந்து இறக்கிய, கால் ஆடாத, ஓரம் நன்றாக இழைத்த, நாலு பேர் இருந்து சாப்பிடக்கூடிய ஒரு மேசை, அவ்வளவுதான். இராசமலர் வீட்டில் அதற்கு முன் மேசை என்று ஒன்று இருந்ததில்லை. அவளும் பிள்ளை அபிசனாவும் குசினி நிலத்தில் பாய் போட்டு, தட்டை மடியில் வைத்து, ஒருவர் கறியை ஒருவர் எடுத்துச் சாப்பிட்டே பழகியவர்கள்.

“எத்தினை கதிரை அக்கா?” என்று அளவெடுக்க வந்த அன்றைக்கு ஓடாவியார் கேட்டார்.

இராசமலர் சங்கக்கடையில் தராசு பிடித்தே தலை நரைத்தவள், கணக்கில் பிழைவிட்டவள் என்று ஒருவரும் அவளைச் சொன்னதில்லை. விரலை மடக்கி எண்ணினாள். “தங்கச்சி சுகிர்தா ஒண்டு, அவளின்ர மனுசன் ஒண்டு, பொடியன் ஒண்டு, எங்கட பிள்ளை ஒண்டு. நாலு.”

“உங்களுக்கு?”

“நான் வாறவையைக் கவனிக்க வேண்டாமே? அவை எழும்பினாப் பிறகு குசினிக்குள்ள சாப்பிடுவன்.”

“நாலு கதிரை எண்டா, குசினிப் பக்கத் தலைப்பு வெறுமையாத்தான் கிடக்கும்,” என்றார் ஓடாவியார்.

“கிடக்கட்டும்,” என்றாள் இராசமலர். ஊரில் எவளும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். விருந்தாளியோடு சரிக்குச் சமமாக உட்கார்ந்து சாப்பிட்ட வீட்டுக்காரியை அந்த ஊர் கண்டதில்லை.

வருகிறவர்கள் கனடாக்காரர். சண்டைக் காலத்தில் சுகிர்தாவும் மனுசன் யோகேந்திரனும் நாட்டை விட்டுப் போனபோது, கூட்டிப்போனவன் இரண்டு பேருக்குத்தான் இடம் என்றான், கைப்பிள்ளைக்குக் காய்ச்சலும் காய்ந்தது. அரை வருடத்தில் எடுத்துவிடுகிறோம் என்று சொல்லி அபிசனாவைத் தமக்கையின் கையில் கொடுத்தார்கள். அந்த அரை வருடம், விசா இல்லை என்று திரும்பித் திரும்பி வந்த கடுதாசிகளால் இழுபட்டு, பிள்ளை பல்லு விழுந்து, பல்லு முளைத்து, சடை பின்னி, பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்குப் போகும்வரைக்கும் நீண்டுவிட்டது. இப்போது விசா வந்துவிட்டது. விருந்தன்று இரவு எட்டு மணிக்கு வாடகை வான் கொழும்புக்கு வெளிக்கிடும், பிள்ளையும் அதில் போகும் என்று தொலைபேசியில் பேசி முடித்தார்கள். இராசமலரும் ஓம் என்றாள். அபிசனாவை ஒருவரும் கேட்கவில்லை.

அந்தத் தொலைபேசியில்தான் சுகிர்தா சொன்னாள்: “சோறு கறி எண்டு கஷ்டப்படாதை அக்கா. அபிதான் அங்க வந்து என்னத்தைச் சாப்பிடப் போறாளோ தெரியாது. எங்கட சாப்பாடு ஒண்டும் அவளுக்குப் பழக்கமில்லையே.”

எங்கட சாப்பாடு என்ற அந்தச் சொல் மீன்முள் மாதிரி இராசமலரின் தொண்டையில் நின்றது. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் பிள்ளையைக் கூப்பிட்டு, கனடாக்காரர் விருந்துக்கு என்ன சமைப்பார்கள், எதற்குப் பிறகு எது வைப்பார்கள் என்று உன் போனில் பார்த்துச் சொல் என்றாள். பிள்ளை அந்நிய நாட்டுச் சோற்றின் முதல் வாயை அந்நிய வீட்டில் தின்னக் கூடாது, அந்த முதல் வாய் தன் கையால்தான் போக வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். அதை அவள் வெளியில் சொல்லவில்லை.

“ஒரு கப் மா,” என்று அபிசனா போனைப் பார்த்து வாசித்தாள்.

“கப் எண்டா எந்தக் கப்?”

“அளக்கிற கப், பெரியம்மா.”

“ஆரின்ர வீட்டுக் கப்? அரிசி அளக்கிற சுண்டில சொல்லு.”

“இதில சுண்டு இல்லை. பிறகு கொஞ்சம் உப்பாம்.”

“கொஞ்சம் எண்டா எவ்வளவெண்டு தெரியாதவள் ஏன் அடுப்படிக்கு வந்தவள்?” என்று போனுக்குள் இருந்த வெள்ளைக்காரியை இராசமலர் ஏச, அபிசனா சிரித்து, சிரித்தபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அவர்கள் இருவரும் அப்படித்தான், சிரிக்கத் தொடங்கி நடுவில் நிறுத்தினார்கள்.

விருந்தன்று கனடாக்காரர் பின்னேரம் நாலு மணிக்கே வந்தார்கள். அங்கே வெள்ளெனச் சாப்பிட்டுப் பழக்கமாம். ஒழுங்கை ஒடுக்கம் என்பதால் வானைச் சந்தியிலேயே நிற்பாட்டிவிட்டு நடந்து வந்தார்கள். பிள்ளையின் பெட்டியை யோகேந்திரன் அப்போதே கொண்டுபோய் வானில் ஏற்றினார். பாஸ்போட் சுகிர்தாவின் கைப்பையில் இருந்தது. பையை அவள் மடியிலிருந்து இறக்கவேயில்லை.

“நீயும் இரு அக்கா,” என்றாள் சுகிர்தா.

“நீங்கள் சாப்பிடுங்கோ. நான் பிறகு.”

மஞ்சள் பட்டாணிப் பருப்பைக் கரைய அவித்து, மிளகு தூவிய சூப்பை வெறுமையாக இருந்த தலைப்பில் வைத்துவிட்டு இராசமலர் முதுகைத் திருப்பினாள். குசினிக்குள் போய்த் திரும்பி எட்டிப் பார்த்தபோது மேசை இரண்டு முழம் நீண்டிருந்தது. அவள் பக்கத்துத் தலைப்பு அசையாமல் குசினி வாசலிலேயே நிற்க, மற்றத் தலைப்பு நாலு கதிரைகளையும் அவற்றில் இருந்தவர்களையும் கூட்டிக்கொண்டு முன்வாசல் பக்கமாகப் போயிருந்தது.

“வேப்பமரம், வெக்கைக்கு இழுபடும்,” என்று யோகேந்திரன் காரணம் சொல்லி, சூப்பை உறிஞ்சினார்.

இரண்டாவதாக, உருளைக்கிழங்கை நீளமாக வெட்டிப் பொரித்து, மேலே இறைச்சிச் சாறு ஊற்றி, பாலைத் தேசிக்காய்ப் புளியில் திரைத்து அம்மிக் குழவியின் கீழ் வைத்துப் பிழிந்த கட்டிகளைத் தூவிக் கொண்டுவந்து வைத்தாள். “அம்மா, பூட்டீன்! உண்மையான பூட்டீன்!” என்று சுகிர்தாவின் பொடியன் ஆதிஷ் கதிரையில் எழும்பி நின்று கத்தினான். சுகிர்தா ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டுத் தமக்கையைப் பார்த்தாள், அந்தப் பார்வையில் மெச்சுதலும் இருந்தது பயமும் இருந்தது. இராசமலர் அபிசனா மெல்லுவதை மட்டும் பார்த்தாள். பிடித்திருக்கிறது என்று அவளுக்கு விளங்கியது. திரும்பினாள். மேசை முன்வாசலைத் தாண்டி முற்றத்துக்கு இறங்கிவிட்டது.

மூன்றாவது, கனடாக்காரர் பை என்கிற இறைச்சிப் பலகாரம். மாவை விரித்து, ஆட்டிறைச்சி கொத்தி அடைத்து, கராம்பும் கறுவாவும் போட்டு மூடியதை வேக வைக்க ஊரில் இருந்த ஒரே போறணை பேக்கரி அன்ரனுடையது. அவன் அதைச் சுடச்சுடத் தன் பாண் ஓட்டோவில் வைத்து, பாண் விற்கும்போது போடுகிற பாட்டைப் போட்டுக்கொண்டே வாசல் படலையடிக்குக் கொண்டுவந்தான். இராசமலர் வாங்கித் தன் தலைப்பில் வைத்து அவர்கள் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்ப, மேசை படலையைத் தாண்டி, ஒழுங்கையைக் குறுக்கறுத்து, எதிர்வளவுப் பொன்னுத்துரையின் வேலியில் ஆள் நுழையக்கூடிய பொட்டுக்குள்ளால் அவருடைய வளவுக்குள் புகுந்து அப்பாலும் போனது.

பொன்னுத்துரைக்கும் இராசமலருக்கும் வேலித் தகராறு இருந்தது, அவர்கள் கதைத்துப் பல காலம். அவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

“ஆரின்ர மேசை இது என்ர காணிக்குள்ள?”

“எங்கட மேசைதான் அண்ணை,” என்று அந்தக் கோடியிலிருந்து யோகேந்திரன் குரல் கொடுத்தார்.

“சரி, நிக்கட்டும். ஆனா கால் ஊன்றின இடத்துக்கு நாளைக்கு உரிமை கேக்கக் குடாது, இப்பவே சொல்லிப்போட்டன்.” சொல்லிவிட்டுத் தன் கதிரையைத் தூக்கிவந்து மேசையோரம் போட்டு, காணியைக் காவல் காப்பதாகக் காட்டிக்கொண்டு, அப்படியே இருந்துவிட்டார். கிராம சேவகரை அழைத்தார்கள். அவர் மோட்டார் சைக்கிளில் வந்து மேசையோரமாக இரண்டு தரம் ஓடிப் பார்த்து, அரசாங்க ஒழுங்கையை மறித்தது மதில் என்றால் நடவடிக்கை எடுக்கலாம், மரம் விழுந்தது என்றால் வெட்டலாம், மேசை நீண்டால் என்ன செய்வதென்று தனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை என்றார். ஒழுங்கையால் வந்த சைக்கிள்காரர் இறங்கி, குனிந்து, மேசைக்குக் கீழால் சைக்கிளைச் சாய்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். சற்றைக்கெல்லாம் குனிவது பழகிவிட்டது.

ஊர் ஒரு பொருளை வீணாக நிற்க விடாது. மேசையின் வெயில் பக்கத்தில் யாரோ செத்தல் மிளகாய் பரப்பினார்கள். நிழல் பக்கத்தில் சீட்டுக் கட்டோடு கடதாசி விளையாட்டுக் கூடியது. மேசைக் காலில் ஆட்டைக் கட்டியது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. கோயிலடிப் பெண்கள் சுளகைக் கொண்டுவந்து அரிசி புடைத்தார்கள். மேசையோரம் இருந்தவர்கள் எல்லாம் விருந்தில் பங்குகாரர் ஆகிவிட்டதால், சொல்லும் வாய்வாயாகப் போய் வந்தது: அந்தக் கோடியில் கேட்டது பொன்னுத்துரை வாயில் ஏறி, கடதாசிக்காரர் வாய்க்கு மாறி, அரிசிக்காரிகளின் வாயால் ஒரு எழுத்தும் குறையாமல் குசினி வாசலுக்கு வந்து சேர்ந்தது.

“தண்ணி வேணுமாம் அக்கா.”

“இறைச்சிப் பைக்கு உப்பு அளவாம் அக்கா.”

“அக்கா சாப்பிட்டாளோ எண்டு தங்கச்சி கேக்கிறாவாம்.”

“பிறகு எண்டு சொல்லுங்கோ,” என்றாள் இராசமலர். அந்தப் பிறகு, வாயிலிருந்து வாய்க்கு, பிறகாம், பிறகாம், பிறகாம் என்று மேசை நீளத்துக்கும் போனது, போகப் போக மேசையும் ஒரு பலகை அளவு நீண்டது.

நாலாவது மீன். கனடா மீனுக்குச் சதை சிவப்பு என்று போனில் பார்த்ததைச் சொன்னபோது மீன்காரி திரேசம்மா, “சிவத்த சதைக்கு நான் கடலுக்குச் சாயமா பூச?” என்று கேட்டுப் பாரை மீனைத் தூக்கிப் போட்டிருந்தாள். மேப்பிள் மரத்துப் பாணியைப் பூசிச் சுட வேண்டும். சுகிர்தா வருடாவருடம் பொதியில் வைத்து அனுப்பிய சின்னப் போத்தல்களை அபிசனா திறக்காமல் யன்னலில் அடுக்கி வைத்திருந்தாள். அவற்றைத் திறந்தாலும் காணாது. மிச்சத்துக்கு இராசமலர் பனம்பாணி ஊற்றினாள், சரிபாதி, ஒரு துளி அங்கால் இங்கால் போகாமல். மீன் பாண் ஓட்டோவில் ஏறிப் பாட்டோடு போய்ச் சேர்ந்து, சிறிது நேரத்தில் வாய்வாயாகச் செய்தி வந்தது.

“அசல் மேப்பிளாம் எண்டு தங்கச்சி சொல்லுறாவாம்.”

“பனம்பாணியாம் எண்டு பொன்னுத்துரை அண்ணை சொல்லுறாராம். ரெண்டு பேரும் பிடிவாதமாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். இராசமலர் சிரிக்கவில்லை. அவள் மேசைத் தலைப்பில் கையூன்றிக் கண்ணைச் சுருக்கி நேரே பார்த்தாள். வீட்டின் முன்வாசலும் பின்வாசலும் ஒரே நேரில் இருந்ததால், குசினியிலிருந்து மேசையின் அந்தக் கோடி வரைக்கும் தடையில்லாமல் தெரிந்தது. மேசை சந்திக்குப் போய்விட்டது. வான் நின்ற இடத்துக்கே போய்விட்டது. கதவு திறந்தபடி நிற்க, அபிசனாவின் கதிரை அந்தக் கதவுக்கு முன்னால் நின்றது. அவள் ஒரு எட்டு வைத்தால் போதும், அதுவும் தேவையில்லை, மேசை இன்னும் ஒருமுறை நீண்டாலே கதிரையோடு உள்ளே ஏற்றிவிடும்.

இன்னும் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. பனம்பாணியும் வெண்ணெயும் முட்டையும் அடித்து மாக் கிண்ணங்களில் ஊற்றிச் சுட்ட, தாட்டு என்கிற சின்னச் சின்ன இனிப்புகள், தட்டத்தில் அடுக்கி, துணி மூடி ஆறிக்கொண்டிருந்தன.

இராசமலர் அதைத் தொடவில்லை. அடுப்பைக் கிளறினாள், எரிந்து முடிந்த அடுப்பை. கழுவிய அகப்பையை மறுபடி கழுவினாள். பொழுது சாய்ந்து வேலியில் மஞ்சள் வெயில் ஏறியது.

“முடிவில என்னவாம் எண்டு கேக்கினம் அக்கா.”

“சொல்லுங்கோ, ஆறுதாம்.”

“வான்காரன் எழும்பிட்டானாம்.”

“ஆறுதாம் எண்டு சொல்லுங்கோ.”

அன்ரன் ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்து குசினி வாசலில் நின்றான். “தாங்கோ அக்கா, நான் கொண்டுபோறன்.” அவனுக்கும் தெரிந்திருந்தது, அரிசிக்காரிகளுக்கும் தெரிந்திருந்தது, அந்தத் தட்டம் மேசையில் வைக்கப்பட்டு அவள் திரும்பினால் என்ன நடக்கும் என்று மேசையோரம் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கடதாசி விளையாட்டு நின்றுவிட்டது. ஆடு கூடக் கத்தவில்லை. வைக்காமல் விட்டால் வந்தவர்களுக்கு முறை செய்யாமல் அனுப்பியதாகும், வைத்தால் பிள்ளை போகும்.

“இதை நான் கொண்டுபோறன்,” என்றாள் இராசமலர்.

தட்டத்தைத் தூக்கினாள். தூக்கியபடி நடந்தாள். கையில் தட்டம் இருக்கும்வரை மேசை அசையவில்லை. மண்டபத்தைக் கடந்து, முற்றத்தில் இறங்கி, மிளகாயைக் கடந்து, ஒழுங்கையைக் கடந்து, பொன்னுத்துரையின் வேலிப் பொட்டுக்குள் தலை குனிந்து நுழைய, அவர் எழும்பி வழிவிட்டார். வேலிக் கதை ஒன்றும் எடுக்கவில்லை. “கவனமாப் பார்த்துப் போ பிள்ளை,” என்று மட்டும் சொன்னார், எத்தனையோ காலத்துக்குப் பிறகு. திரேசம்மா சிலுவைக் குறி போட்டாள். சந்தி வெளியில் கடற்காற்று துணியைத் தூக்கப் பார்த்தது, இராசமலர் நாடியால் அழுத்திக்கொண்டு நடந்தாள்.

கோடிக்கு வந்து தட்டத்தை வைத்தாள். சுகிர்தா, யோகேந்திரன், பொடியன், அபிசனா. நாலு கதிரை. நின்றபடி இருந்தாள். முதுகைத் திருப்பினால் போதும்.

“இப்பவாவது இரேன் அக்கா,” என்றாள் சுகிர்தா. “நீ இருந்து சாப்பிட்டு நான் கண்ணால கண்டதில்லை.”

“கதிரை இல்லையே.” அப்போதுதான் தான் எண்ணிய எண்ணிக்கையில் என்ன விட்டுப்போயிற்று என்று அவளுக்கு உறைத்தது.

அபிசனா கதிரையின் ஓரத்துக்கு ஒதுங்கினாள். குசினிப் பாயில் ஒதுங்குகிற அதே ஒதுக்கம். பாதிக் கதிரை தெரிந்தது. இராசமலர் அந்தப் பாதியில் இருந்தாள். விருந்தாளிகளுக்கு முன்னால், ஊர் பார்த்திருக்க, சமைத்தவள் இருந்தாள். ஒரு தாட்டை எடுத்துக் கடித்தாள். இனிப்பு சரியாக இருந்தது. அதன் பிறகுதான் அவளுக்கு வாய் வந்தது.

“எனக்குப் பிள்ளையை விட விருப்பமில்லை.”

மேசையோரம் ஒரு வாயும் அதைத் திருப்பிச் சொல்லவில்லை.

“நான் பெத்தனான் அக்கா,” என்றாள் சுகிர்தா. குரல் உடைந்தது. “ஒவ்வொரு ராவும் அவளின்ர வயசை எண்ணி எண்ணிக் கிடந்தனான்.”

“ஓம், நீ பெத்தனீ. நான் இல்லையெண்டு சொன்னனானே? போகாதை எண்டும் நான் சொல்லமாட்டன். எனக்கு விருப்பமில்லை எண்டதை அவள் தெரிஞ்சுகொண்டு போகட்டும். தெரியாமல் போகக் குடாது.”

யோகேந்திரன் கைமணிக்கூட்டைப் பார்த்து, கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

“ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை,” என்றாள் அபிசனா. மெதுவாகத்தான் சொன்னாள், அன்று முழுக்க அவள் பேசிய முதல் பேச்சு அது. “நான் வாறன் அம்மா. எனக்கு உங்களைப் பார்க்க வேணும், தம்பியோட இருக்க வேணும். ஆனா இண்டைக்கில்லை. பெரியம்மா மேசையில இருந்து சாப்பிடப் பழகட்டும். பிறகு வாறன்.”

“விசா ஒரு வருசத்துக்கு இருக்கு,” என்றார் யோகேந்திரன், தன்னை அறியாமல்.

சுகிர்தா கணவனை முறைத்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள், பாதிக் கதிரையில் இருந்த தமக்கையைப் பார்த்தாள். கைப்பையைத் திறந்து பாஸ்போட்டை எடுத்து மேசையில் வைத்து, தாட்டுத் தட்டத்தைத் தள்ளுகிற மாதிரி அபிசனா பக்கம் தள்ளினாள். அழுதுகொண்டே ஒரு தாட்டை எடுத்துத் தின்றாள். “இதில மேப்பிளே இல்லை,” என்றாள்.

“இல்லை. முழுக்கப் பனம்பாணி.”

அவர்கள் தின்னத் தின்ன மேசை சுருங்கியது. இந்தக் கோடி குசினியை நோக்கி நகர, கதிரைகளும் ஆட்களும் சந்தியிலிருந்து, பொன்னுத்துரை வளவுக்குள்ளால், ஒழுங்கை தாண்டி, படலை தாண்டி மெல்ல மெல்ல வீட்டுக்குத் திரும்பினார்கள். மிளகாயையும் சுளகையும் ஆட்டையும் அவரவர் அவசரமாக எடுத்துக்கொண்டார்கள். பொன்னுத்துரை தன் வளவில் வெறுமையான இடத்தைப் பார்த்து, “நிண்டிருக்கலாம்,” என்றார். எட்டு மணிக்கு வான் மூன்று பேரோடு கொழும்புக்குப் போனது. பெட்டியை இறக்கித் தந்தது ஆதிஷ்தான்.

மறுநாள் விடிய ஓடாவியார் ஐந்தாவது கதிரையோடு வந்தார். நாடாவைப் பிடித்து மேசையை அளந்தார். ஒரு கதிரை போடும் அளவுக்கு மேசை கூடுதலாகவே நின்றது, அதற்கு மேல் சுருங்கவில்லை.

மாரி முடிந்து, தை பிறந்து, அபிசனா விமானம் ஏறினாள். அன்று முதல் ஓடாவியார் கிழமைக்கு ஒருமுறை ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு நாடாவோடு வருகிறார். கடல் தாண்டிய தூரம், பனி பெய்கிற தூரம், இனி மேசை எங்கே போய் நிற்குமோ என்று சந்தியே பார்த்திருந்தது. ஓடாவியார் வரும்போது இராசமலர் பெரும்பாலும் ஐந்தாவது கதிரையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாள், சோறும் மீன் குழம்பும், எதிரில் போனைச் சாய்த்து வைத்திருப்பாள், அதற்குள் பிள்ளையும் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். அவளை எழுப்பாமல் அவர் இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்புக்கு நாடாவை இழுப்பார். ஒரு விரற்கடை கூட நீண்டதில்லை.